ஏரியில் உன்னை விட்டுவந்த நாள்

மல்லிகாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. இத்தனை நாள் நான் பதில் போடாமல் இருந்ததே இல்லை, நீ பயந்துபோயிருப்பாய். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகப் போவதாகவும், மாப்பிள்ளைக்கு லீவு குறைவாக இருப்பதால் நானும் உங்கம்மாவும் துணைக்கு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தவன் கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். "ஏரியில் படகில் போகவேண்டும் என்று ரவி இப்போதே குதிக்கிறான். நைனா கூட இருந்தால் எனக்கென்ன பயம்? சின்ன வயசில் அதே ஏரியில் என்னையும் அண்ணனையும் ஒரே ஆளாகக் கரைக்குத் தூக்கி வந்தவர் ஆச்சே" என்று எழுதியிருந்தாய். நீ நினைத்துக்கொண்டிருப்பது நடக்கவில்லை, மல்லிகா. உன்னை நான் தூக்கி வரவில்லை.

முதலில் வேறொரு பதில் எழுதினேன். மூச்சு வாங்குகிறது, சுரங்கத்துக்குள் வேலை பார்த்த காலத்துத் தூசி இப்போது வேலையைக் காட்டுகிறது, மலைக் குளிர் ஆகாது, நீங்களே போய்வாருங்கள் என்று. அதில் பொய்யும் இல்லை. கவரை ஒட்டித் தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். நீ ரவியையும் சின்னவளையும் அதே தண்ணீருக்கு, அப்பா இருக்கிறார் என்ற ஒரு நம்பிக்கையில் கூட்டிப்போகிறாய். நான் வராமல் போனாலும், அப்படிப்பட்ட அப்பாவின் மகள் என்ற தைரியத்தில் படகில் ஏறுவாய். அதனால் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி. மாப்பிள்ளையும் படிக்கலாம்.

ஐம்பத்தாறில் மைசூர் ராஜ்யத்தைப் பெரிதாக்கினார்களே, அதற்கு மறு வருஷக் கோடை. உனக்கு மூன்றரை வயசு, உன் அண்ணன் செல்வத்துக்கு ஆறு. உனக்குக் கக்குவான் வந்து மூன்று மாதம் படுத்திவிட்டது. இருமி இருமி முகம் நீலமாகிவிடும். கொஞ்ச நாள் மலைக் காற்றில் வைத்திருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். என்னோடு வேலை பார்த்த ஆறுமுகத்தின் அக்கா ஏற்காட்டில் இருந்தாள், அவள் புருஷன் அங்கே ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. வீட்டில் ஒரு அறை தருவதாகச் சொன்னார்கள். ஆக, அந்தப் பயணமே உனக்காகப் போனதுதான். இதை நீ மனசில் வைத்துக்கொள்.

நம் தங்கச் சுரங்க ஊரை, சாம்பியன் ரீஃப்பை விட்டுக் குடும்பத்தோடு நாங்கள் வெளியூர் போனது அதுவே முதல் தடவை. மாரிகுப்பத்திலிருந்து வருகிற ரயிலில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறி, ஜோலார்பேட்டையில் மறுபடி மாறி, சேலம் போய்ச் சேர்வதற்குள் உங்கம்மா கட்டிக்கொண்டுவந்த புளிசாதம் தீர்ந்துபோனது. மலை பஸ்ஸில் செல்வம் ஒவ்வொரு வளைவிலும் எண்ணிக்கை போட்டுக்கொண்டே வந்தான். எட்டாவது வளைவில் என் சட்டை மேலேயே வாந்தி எடுத்தான். அவனுக்குப் பிறகு நீ. உங்கம்மா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக் கீறி உங்கள் மூக்கில் காட்டினாள். மேலே இறங்கியபோது மே மாதத்தில் உங்கள் வாயிலிருந்து புகை வந்தது. "நைனா, நான் பீடி குடிக்கிறேன்" என்று செல்வம் ஊதி ஊதிக் காட்டினான். நீயும் ஊதினாய், இருமல் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி நீ முழுசாகத் தூங்கினாய். உங்கம்மா எத்தனையோ வாரம் கழித்து அன்றுதான் தூங்கினாள்.

சின்னப் பிள்ளைகளோடு மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று நேரும், உனக்கும் நேரும், அதனால் சொல்கிறேன். முதல் நாள் பயத்தோடு கையைப் பிடித்துக்கொண்டே நடப்போம். இரண்டாம் நாள் ஏரியைச் சுற்றி வரும்போது பத்தடி முன்னால் ஓடவிடுவோம். மூன்றாம் நாள் நாமே அந்த ஊர்க்காரர்கள் போல ஆகிவிடுவோம். எனக்கு அந்த மூன்றாம் நாள் வந்தது. காலை பத்து மணி இருக்கும், மூடுபனி விலகி ஏரி பளபளவென்று கிடந்தது. கரையில் இரண்டு மூன்று படகுகளோடு ஒரு பெரியவர் இருந்தார். "நான் வந்து தள்ளுறேன் சாமி, குழந்தைங்க இருக்குது" என்றார். வேண்டாம், எனக்கே தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் குடியாத்தம் பக்கத்தில் கிணற்றில் குதித்து நீந்திய நீச்சல். துடுப்பை அதற்கு முன்னால் நான் தொட்டதுகூட இல்லை. உங்கம்மா முன்னால் கேட்டுப் பழகிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

படகு கொஞ்ச தூரம் போனது. நீ உங்கம்மா மடியில், சிவப்புப் பாவாடை, மேலே என் பழைய ஸ்வெட்டரை வெட்டித் தைத்த ஒரு சட்டை. செல்வம் தானும் துடுப்புப் போடவேண்டும் என்று அழ ஆரம்பித்தான். சரி வா, என் இடத்தில் உட்கார் என்று நான் எழுந்து நின்றேன். "நிக்காதீங்க, ஆடுது, இன்னாத்துக்கு இப்ப எழுந்திருக்கறீங்க" என்று உங்கம்மா சொன்னது காதில் விழுந்தது. அவனும் எழுந்தான். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். படகு கவிழ்ந்தது என்று எழுதினால் ஏதோ நேரம் பிடித்த காரியம் மாதிரி இருக்கிறது. நின்றுகொண்டிருந்தேன், அடுத்து என் வாய்க்குள் தண்ணீர். நடுவில் ஒன்றும் இல்லை.

அந்தக் குளிர் எலும்பில் குத்தியது. மேலே வந்தபோது என் கைக்கு எட்டும் தூரத்தில் செல்வத்தின் தலை தெரிந்தது. அவன் கழுத்தைச் சுற்றிக் கையைக் கொடுத்துக் கரையைப் பார்த்து நீந்தினேன். நாற்பது ஐம்பது அடிதான் இருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் போனது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அது உண்மையில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கரையில் ஏறி, அவனை மடியில் போட்டு முதுகில் தட்டினேன். அவன் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மல்லிகா, எனக்கு நிம்மதியாக இருந்தது. பேரிக்காய்க் கூடையோடு ஓடிவந்த ஒரு அம்மாள், "எல்லாரும் வந்துட்டீங்களா? எல்லாரும் வந்தாச்சா?" என்று கத்திக் கேட்டாள். நான் சொன்ன பதிலை இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவரிடமும் சொன்னதில்லை. "வந்துட்டோம்மா, எல்லாரும் வந்துட்டோம்" என்று சொன்னேன்.

செல்வம்தான் என் தாடையைப் பிடித்துத் திருப்பினான். "நைனா, பாப்பா எங்க?" என்றான்.

உன் நைனாவின் பிழைப்பு உனக்குத் தெரியும். சுரங்கத்து ஷாஃப்ட் வாயில் நின்று, கேஜ் கூண்டில் ஏறுகிறவர்களை எண்ணி, கதவைச் சாத்தி, மணி அடித்துக் கீழே அனுப்புகிறவன். தலை ஒன்று குறைந்தால் ஷிப்டு முடிந்ததாகவே எனக்குக் கணக்கில்லை. அந்த நான் என் வீட்டில் நாலு பேர் என்பதை மறந்து உட்கார்ந்திருந்தேன். பயத்தில் மறந்தேனா, ஆண்பிள்ளை என்று அவனை மட்டும் எடுத்தேனா, கைக்கு எட்டியது என்பதால் எடுத்தேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கைக்கு எட்டியது என்பதுதான் காரணம் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் கரைக்கு வந்த பிறகும் ஏன் நினைவு வரவில்லை என்ற கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது.

திரும்பிப் பார்த்தேன். கவிழ்ந்த படகின் ஓரத்தில் உங்கம்மாவின் இரண்டு கைகளும் தலையும் தெரிந்தன. உன்னைக் காணோம். எழுந்து ஓடியிருக்கவேண்டும். என் கால் எழவில்லை. நீச்சல் தெரிந்தவன், முப்பத்து மூன்று வயசுக்காரன், புல்லில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு ஒருவர் தண்ணீரில் பாய்ந்தார். மெலிந்த ஆள், மலைக்காரர். படகுக்குப் பக்கத்தில் முங்கினார். வந்தார். மறுபடி முங்கினார். இரண்டாவது முறை மேலே வரும்போது அவர் கையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அதற்குள் படகுக்காரப் பெரியவர் இன்னொரு படகில் போய் உங்கம்மாவை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

உன்னைப் புல்லில் கிடத்தினார்கள். உதடு நீலம். கக்குவானில் பார்த்த அதே நீலம், ஆனால் இருமல் இல்லை, சத்தமே இல்லை. அந்த மனிதர் உன்னைக் குப்புறப் போட்டு, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கித் தூக்கி அமுக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பேரிக்காய் அம்மாள் சாமி பேரெல்லாம் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். பிறகு நீ இருமினாய். மூன்று மாதமாக எந்த இருமலை நிறுத்தச் சொல்லிச் சாமியைக் கேட்டோமோ, அதே இருமல். உங்கம்மா உன் மேல் விழுந்தாள். நான் அப்போதுதான் எழுந்து நின்றேன். அந்த மனிதர் வேட்டியைப் பிழிந்து, விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். உனக்கு உயிர் கொடுத்தவர் பேரை நான் கேட்கவில்லை. ஒரு வாய் காபி வாங்கிக் கொடுக்கவில்லை. இது என் இரண்டாவது குற்றம்.

கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஆறுமுகத்தின் அக்கா பதறிப்போய் விசாரித்தாள். உங்கம்மா கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். "நான்தான் அக்கா சொன்னேன், முதல்ல பையன கொண்டுபோய் உட்டுட்டு வாங்க, பாப்பாவ நான் புடிச்சிக்கினு கீறேன்னு. அவரும் உட்டுட்டு வந்து இவள தூக்கினாரு" என்றாள். முகத்தில் ஒரு அசைவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எங்களுக்கு முன்னால் அந்தக் கதை கே.ஜி.எஃப். வந்து சேர்ந்தது. எங்கள் லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு வாரம் வீட்டுக்கு வந்து உன் கன்னத்தையும் என் தோளையும் தட்டிவிட்டுப் போனார்கள்.

உன் அண்ணனுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே, "நைனா அன்னிக்கு என்னை மட்டுந்தானே தூக்கினு வந்தாரு" என்றான். சோற்றுக் கையோடு அவனை அறைந்தேன். அவன் என்னிடம் வாங்கிய ஒரே அடி அது. அவன் மேல் தப்பே இல்லை. அதன் பிறகு ஏற்காடு என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நீயோ எட்டாவது படிக்கும்போது அதையே பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி, டீச்சர் வகுப்பில் படிக்கச் சொன்னார் என்று நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாய். நான் கையெழுத்துப் போட்டேன். சின்ன வயசில் பிள்ளைகளிடம் சொல்லும் பொய் சின்னதாகவே இருக்கும் என்று நினைக்காதே. அவர்கள் அதன் மேல்தான் காலை வைத்து நடக்கப் பழகுகிறார்கள். செல்வத்துக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த அடிக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு ஐந்து நாள் முன்னாலேயே கடிதம் வந்திருக்கும். எழுதுவதற்கு முன்னால் உங்கம்மாவிடம் சொல்லவேண்டுமே என்று போன வெள்ளிக்கிழமை காலை, ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ராணி, மல்லிகாவுக்கு உள்ளதை எழுதப்போறேன். நீ அன்னிக்கு எனக்காகப் பொய் சொன்னே. இனி போதும்" என்றேன். "உங்களுக்காகன்னு யாரு சொன்னது?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "இன்னா சொல்றே?" என்று கேட்டேன். கீரையை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னாள்:

"நீங்க பின்னாடி பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு கையில படகு, ஒரு கையில அவ பாவாடை. என் மூக்கு வாயெல்லாம் தண்ணி. மூச்சு முட்டிச்சி. உட்டுட்டேங்க. நழுவல. நானா உட்டேன். உட்டுட்டு ரெண்டு கையாலயும் படக புடிச்சிக்கினேன். அவ என் கால்ல இடிச்சிக்கினே கீழ போனா. அது இன்னும் எனக்குக் கால்ல கீது."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷிப்டுக்குப் போகவில்லை. இத்தனை வருஷமாக நீ அவள் கையிலிருந்து நழுவிவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். என் மானத்தைக் காப்பாற்ற அவள் ஒரு பொய்யைச் சுமந்தாள் என்று மனசுக்குள் அவளைக் கும்பிட்டு வந்தேன். ஒரே பாயில் படுத்து எழுந்த இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் அதே ஏரியைச் சுமந்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் தெரியாது. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதையும் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. என்னுத மட்டும் இன்னாத்துக்கு மூடி வெக்கறது. அவளும் ரெண்டு புள்ள பெத்தவ" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நீ பிறந்தபோதுகூட அவள் இப்படி அழுது நான் கேட்டதில்லை.

நேற்று அவளாகவே கிளம்பச் சொன்னாள். பஸ் ஏறிப் பேத்தமங்கலம் போனோம். ஏரிக்கரையில் ஆட்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி, பத்துக் கை நீந்திப் பார்த்தேன். மூச்சு இரைத்தது, காது அடைத்தது. திரும்பியபோது, இருபது வருஷமாகக் குளம் குட்டை எதற்குள்ளும் கால் வைக்காத உங்கம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தேன்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பெற்ற பாசம் ஆபத்து நேரத்தில் தானாக வேலை செய்யும் என்று நம்பி இருந்துவிடாதே. எங்களுக்கு உன் மேல் பாசம் குறைவில்லை. உன் இருமலுக்காக ஒரு மலையே ஏறினோம். ஆனால் தண்ணீருக்குள் அந்தப் பாசத்தைக் காணோம், உயிர் ஆசைதான் இருந்தது. அதனால் பாசத்துக்கு அந்தச் சோதனையே வராமல் பார்த்துக்கொள். படகில் போவதாக இருந்தால் துடுப்பை அதைத் தெரிந்தவன் கையில் கொடு. யாரும் எழுந்து நிற்கக் கூடாது, ரவி எவ்வளவு அழுதாலும் சரி. எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று கரையிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள், மனசுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். நீயும் நீச்சல் கற்றுக்கொள். இத்தனைக்கும் மேலே ஏதாவது நேர்ந்து, நீயோ மாப்பிள்ளையோ ஒரு கணம் கை தவறினால், அன்றைக்கு ராத்திரியே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள். எங்களைப் போல ஆளுக்கொரு மூலையில் வைத்துப் பூட்டாதீர்கள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று உங்கம்மா கேட்டாள். கேட்டு என்ன செய்வது, அவள் என்ன சொல்லுவாள் பாவம் என்றேன். ஆனாலும் கேட்கிறோம். உடனே பதில் எழுதவேண்டாம். பிள்ளைகள் தூங்கட்டும், யோசி. எங்களை ஏற்காட்டுக்குக் கூப்பிட்டால் வருகிறோம். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், படகில் ஏறமாட்டோம். அந்த மலைக்காரரை யாருக்காவது தெரிகிறதா என்று விசாரிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை, அவர் இருக்கிறாரோ இல்லையோ. பிள்ளைகளை உங்களிடம் விட எனக்கு மனசு வரவில்லை என்று நீ எழுதினாலும், அது நியாயம்தான். எதுவானாலும் நைனாவுக்குத் தனியாக, அம்மாவுக்குத் தனியாக என்று எழுதாதே. ஒரே கடிதமாக எழுது. இந்தத் தடவை கவரை நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்கிறோம்.

உன் நைனா